சித்திக்கும் போடுங்கோ

ஒரு சின்ன விஷயத்தை நேரே சொல்லி முடிக்க எங்கள் வீட்டுப் பெரியவர்களால் ஒருநாளும் முடிந்ததில்லை. முருகன் சாட்சியாக, இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொல்கிறேன். போன கிழமை என் சின்னவனுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோன இடத்தில், கேட்டதற்கெல்லாம் நான் பட்டுப்பட்டென்று பதில் சொன்னதைப் பார்த்து அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. எல்லாவற்றையும் இப்படித் திறந்து கொட்டலாமா என்று காரில் வழி முழுதும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கு மோர்னிங்சைட் கிளினிக்கில் நடந்த அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வந்தது.

அப்போது நான் இரண்டாம் வகுப்புச் சிறுமி. நாங்கள் கனடாவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஊரில் எனக்கு என்னென்ன ஊசி போட்டார்கள் என்பதற்குத் தோளில் ஒரு தழும்பைத் தவிர வேறு அத்தாட்சி மிஞ்சவில்லை. தழும்பைப் பள்ளிக்கூடம் ஒப்புக்கொள்ளாது. ஆகவே முதலிலிருந்து எல்லாம் போடவேண்டும் என்று எங்கள் குடும்ப டொக்டர் சொல்லிவிட்டார். என்னைப் போல ஊசி பிந்திப்போன பிள்ளைகள் அவரிடம் நிறையப் பேர் இருந்தார்கள். தனி ஆளாக அவர் படுகிற பாட்டைப் பார்த்து, நகரத்துச் சுகாதாரப் பகுதியினர் சனிக்கிழமைகளில் ஒரு நர்ஸை அவருக்கு உதவியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் நானும் சித்தியும் போனோம். சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பாவோடு எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் முரண்டு பிடித்தால் அடக்குவதற்கு அவர்தான் சரியான ஆள். அந்த நாட்களில் சித்தி பிள்ளைத்தாச்சி. எனக்கு அது தெரியாது. எனக்கென்ன, வீட்டிலிருந்த பெரிய ஆட்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. முந்தி இரண்டு தடவை சித்திக்குப் பிள்ளை தங்காமல் போயிருந்தது. நேரத்தோடு ஆட்களுக்குச் சொன்னதால்தான் கண்ணூறு பட்டது என்பது அம்மாவின் முடிவு. இந்த முறை மூன்று மாதம் கழியுமட்டும் டொக்டருக்கும் சொல்வதில்லை, முருகனுக்குச் சொன்னால் போதும் என்று சித்தியிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

டொக்டரின் கிளினிக் இருந்த பிளாசாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் முடியவில்லை. அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். எங்கள் முறை வந்துவிட்டது என்று ரிசெப்சனில் இருந்த அன்ரி கண்ணாடிக்குள்ளால் கை காட்டினார். அம்மா வேறெங்கோ பார்த்தார். அன்ரி எங்கள் ஆள்தான். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வீதியில் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அவருடைய காதில் ஒன்று விழுந்தால் பூசை முடியமுதல் ஸ்காபரோ நகர் முழுக்கப் போய்விடும் என்று அம்மா சொல்லுவார்.

அந்த இடைவெளியில் சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்குள் நழுவினார். ஒரு மட்டன் ரோல் வாங்கி, பாதியைத் தான் தின்று, அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று மற்றப் பாதியை எனக்குத் தந்தார். அன்றைக்குப் புரட்டாசிச் சனி. அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்.

ஒருவழியாக ராகுகாலம் கழிந்து உள்ளே போனோம். நர்ஸ் பொறுமையானவர். ஆனால் நான் மேசையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வலியைவிட, எனக்கு மட்டும் ஏன் என்பதுதான் என் கோபம்.

"சித்திக்கும் போடுங்கோ. பிறகு எனக்குப் போடலாம்."

எங்களுக்காக மொழிபெயர்க்க வந்து நின்ற அன்ரி அதைச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். நர்ஸுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டுவிட்டது. சித்தியும் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்தானே, சின்னமுத்து, கூகைக்கட்டு போன்ற தொற்றுநோய்களுக்கான இதே ஊசியை அவரும் போடத்தான் வேண்டும், பிள்ளைக்கும் பயம் தெளியும் என்றார்.

சித்தி வெளிறிப்போனார். அம்மா முந்திக்கொண்டு, தங்கச்சிக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்றார். சின்னத் தடிமனுக்குப் பாதகமில்லை என்றார் நர்ஸ். சித்திக்குத் தடிமனே இல்லை என்றேன் நான். அவள் சனி விரதம், வெறுவயிற்றில் ஊசி போட்டால் விழுந்துவிடுவாள் என்றார் அம்மா.

"விரதமெண்டால் மட்டன் ரோல் சாப்பிடலாமோ?" என்று நான் கேட்டேன்.

அன்ரி அதை மொழிபெயர்க்கவில்லை. வெளியே காத்திருந்த பிள்ளைகளில் ஒன்று அழத் தொடங்க, மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. நர்ஸ் கதவைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அன்ரியிடம் ஏதோ கேட்டார். அன்ரி சித்தியின் பக்கம் திரும்பி, முழுகாமல் இருக்கிறீரோ என்றார். அது எனக்கு விளங்கவில்லை.

"சேச்சே, அப்பிடியொண்டும் இல்லை," என்றார் அம்மா.

பழக்கத்தில் வந்த பதில் அது. கோயிலிலும் கடையிலும் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி, வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எப்படித் திரும்ப எடுப்பது? நர்ஸ் இரண்டாவது ஊசியை ஆயத்தம் செய்தார். சித்தியின் கையைப் பஞ்சால் துடைத்தார். எனக்கு ஒரே புழுகம், துள்ளிக் குதிக்காத குறை. சித்தி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். அக்கா சொன்னதற்கு மேல் சித்தி ஒரு சொல் பேசி அதுவரை நான் கண்டதில்லை.

துடைத்த இடத்தைச் சித்தி மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"அக்கா, இதைப் போட விட்டிட்டு நான் பிறகு இருந்து அழ ஏலாது."

பிறகு அன்ரியைக் குனியச் சொல்லிக் காதுக்குள் ஏதோ சொன்னார்.

காலையிலிருந்து எல்லாவற்றையும் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்த அன்ரி, இதை மட்டும் நர்ஸின் காதோடு வைத்துச் சொன்னார். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, சித்தியின் தோளில் கை வைத்தார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அந்த ஊசி போடக்கூடாது என்று அவர் சொன்னதை நான் அறிந்தது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. டொக்டரே மற்ற அறையிலிருந்து எழும்பி வந்தார். முந்தி இரண்டு தடவை தங்காமல் போனவர் இவ்வளவு நாளும் வராமல் இருந்தாரா என்று தலையில் கை வைத்துவிட்டு, சித்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

அன்ரி அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உதை முதலே சொல்லுறதுக்கென்ன, தங்கச்சி? நானென்ன கழுத்தில மைக்கைக் கட்டிக்கொண்டே திரியிறன்?"

இந்த அமளிக்குள் எனக்கு ஊசி போட்டு முடிந்துவிட்டது. நான் கத்தினேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அம்மா கும்பிட்டபடியே அரைக்கண்ணால் அன்ரியின் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டு நின்றார். அன்ரி ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அதிலும் அம்மாவுக்கு ஒரு எரிச்சல் இருந்ததென்றுதான் நினைக்கிறேன். விரதத்தின் பேரில் பொய் சொன்னதற்காகச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கும் ஏற்றினார்.

எனக்கிருந்த எரிச்சல் வேறு. சித்தி காதில் சொன்ன அந்த ஒன்று என்ன? அதைச் சொன்னதும் ஊசியையே எடுத்து வைத்துவிட்டார்கள். தகப்பனின் காதில் முருகன் ஓதியது போல, ஊசியை நிறுத்த ஒரு மந்திரம் இருக்கிறது, அதைச் சித்தி எனக்கு மறைக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். எத்தனை தரம் கேட்டும் சித்தி சிரித்துக்கொண்டு தலையைத் தடவினாரே தவிர, வாய் திறக்கவில்லை.

குளிர் தொடங்கி எனக்கு இரண்டாவது தவணை ஊசிக்குப் போனபோது சித்தியும் வந்திருந்தார். ரோலாகத் தின்று நன்றாகக் கொழுத்துப்போயிருந்தார். நான் நேரே அன்ரியிடம் போய், குனியச் சொல்லி, எனக்குத் தெரிந்த மந்திரங்களில் பெரியதை, சரவணபவ என்று ஆறெழுத்தையும் பிழையில்லாமல் காதுக்குள் சொன்னேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு சித்தியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், கண்ணைத் துடைக்குமட்டும் நிறுத்தவில்லை. சித்தியும் சிரித்தார். அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சித்தி சொன்னதை நீர் சொல்ல இன்னும் கன வருசம் கிடக்கு, குஞ்சு," என்றார் அன்ரி.

அதுமட்டும் மந்திரம் கிடைக்காது, இன்னும் கன வருடங்களுக்கு எனக்கு இப்படி ஊசி போடப்போகிறார்கள் என்றுதான் நான் அதைக் கேட்டேன். போட முதலே அழத் தொடங்கிவிட்டேன்.