மூலை வெட்டிய படிவங்கள்

போன வாரம் ஒரு அட்டைப் பெட்டியைப் பார்த்து நான் பயந்துபோனேன். சிரிக்காதீர்கள்... நிஜம்.

கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு தையல் கம்பெனி. பெயர் வேண்டாம். களமருதூர், தியாகதுருகம் என்று வேன் வேனாகப் பெண்கள் வருகிறார்கள். அங்கே பாலியல் புகார் கமிட்டியில், கம்பெனியைச் சேராத வெளி உறுப்பினர் நான். ‘வேலை இடத்தில் யாராவது உங்களிடம் தவறாக நடந்தார்களா?’ என்று ஒரு சர்வே. உங்கள் பெயர் எழுத வேண்டாம், மடித்துப் பெட்டியில் போடுங்கள் - மைக் பிடித்து எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

பெட்டியை சூப்பர்வைசர் ரூமில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். காலி மேஜை அங்கேதான் இருந்தது.

பாதி டீயில் ஒரு பெண் வந்து நின்றாள். செல்வி என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர் வேன் என்றும் சொல்ல மாட்டேன்.

“மேடம், தப்பு பண்ணிட்டேங்க. பேப்பர் மூலையில டோக்கன் நம்பர் எழுதிட்டேன்.”

“ஏம்மா? பேர் வேணாம்னு சொன்னேனே?”

“பேர் எழுதலீங்க. இங்க ஆளுக்கு ஒரு நம்பருங்க, லீவு சீட்டுன்னாலும் கேட் பாஸுன்னாலும் மொதல்ல மூலையில நம்பர் போடணும். கை பாட்டுக்கு எழுதிடுச்சு.”

“உள்ள என்ன எழுதின?”

அவள் குரல் இறங்கியது. “சூப்பர்வைசர் பேரைங்க. அந்த ரூம்லதான் குந்திக்கினு இருக்காரு. வூட்ல தெரிஞ்சா நாளைலேர்ந்து வேலைக்கே வுட மாட்டாங்க. இன்னா பண்றதுங்க?”

பெட்டிக்குப் பூட்டுகூட இல்லை, செல்லோ டேப்தான். ஓடினேன். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். டேப்பின் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. நான் சரியாக ஒட்டவில்லையா... இல்லை, அவர்தானா? இன்றுவரை தெரியாது.

“நானே பிரிச்சு அடுக்கித் தந்துடறேனே மேடம்.”

“வேண்டாம் சார்.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓய்வறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

பிரித்தால்... செல்வி மட்டுமா? முக்கால்வாசிப் பேப்பரில் மூலையில் நம்பர்! ரகசியம் காப்பது பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். இந்தப் பெண்கள் ஒரு பேப்பரை வாங்கியதும் முதலில் என்ன எழுதுவார்கள் என்று ஒருத்தியிடமாவது கேட்டேனா?

அங்கே கிடந்த நூல் வெட்டும் குட்டிக் கத்தரியால் எல்லா மூலையையும் வெட்டினேன். நம்பர் இல்லாததையும் சேர்த்துத்தான்.

கிளம்பும்போது சூப்பர்வைசர் கேட் வரை வந்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: “எம்பேரு எத்தன பேப்பர்ல இருக்குதுங்க மேடம்?”

கவனித்தீர்களா? இருக்கிறதா என்று கேட்கவில்லை. எத்தனை என்று கேட்கிறார்!

பஸ் ஏறினேன். அறிக்கை முதலாளியிடம் போய்விட்டது. அதில் அவர் பெயர் உண்டு, எழுதியவர்கள் யார் என்பது இல்லை. வெட்டிய மூலைகளை வீட்டு அடுப்பில் போட்டு எரித்தேன்.

ஆனால் அந்த டேப் முனை? நான் வருவதற்குள் அவர் செல்வியின் நம்பரைப் பார்த்திருந்தால்? தினமும் காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் செல்வி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. இதுவரை தவறாமல் வருகிறது.

அது வரும்வரை எனக்குக் காபி இறங்குவதில்லை.