பெரிய சொட்டும் சின்னச் சொட்டும்

செம்மண்டலத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் நாலு முழத்துக்குச் சிமெண்டுத் தரை இருந்தது. அதில்தான் நான் கோலம் போடுவேன். அதில்தான் என் கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். மிலிட்டரியில் கழித்துப் போட்டு, நாலைந்து கை மாறி எங்களிடம் வந்த வண்டி அது. வந்த நாளிலிருந்தே ஆயில் ஒழுகியது. காலையில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பார்த்தால் தரையில் பெரிய சொட்டு ஒன்று, அதிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளிச் சின்னச் சொட்டு ஒன்று இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, சாம்பல் போட்டுத் தேய்த்து, அதற்கப்புறம் கோலம் போட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். வண்டியையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தேய்ப்பேன். இரண்டுக்கும் உறைக்காது.

நான் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். சந்தேகம் என் உத்தியோகத்தோடு சேர்ந்து வந்தது. ஒரே தப்பை இரண்டு பெண்கள் எழுதியிருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினாள் என்று கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். நல்ல தப்பாகக் கிடைத்தால் வாய்விட்டுப் படித்து, "இதுங்கள்லாம் எதுக்குத்தான் படிக்க வருதோ" என்று சிரிப்பேன். அவர் சிரித்ததில்லை. துணியை எடுத்துக்கொண்டு வண்டி துடைக்கப் போய்விடுவார்.

அவர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. பெண் பி.ஏ., பி.டி., மாப்பிள்ளையும் பி.ஏ.வாக இருந்தே ஆக வேண்டும் என்று காடாம்புலியூரில் என் அப்பா ஒற்றைக் காலில் நின்று தேடிப் பிடித்தவர். கல்யாணப் பத்திரிகையில் எங்கள் இரண்டு பேருடைய பெயருக்குப் பின்னாலும் பட்டம் அச்சாகியிருந்தது. அப்பா அதை ஊர் முழுக்கக் காட்டினார்.

சனிக்கிழமை ஆபீஸ் மதியத்தோடு முடிந்துவிடும். அவர் மட்டும் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். "அரியர்ஸ் வேல ஜாஸ்தி" என்பார். நானும் நம்பினேன். அப்படி நம்பியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஒரு புதன்கிழமை பேச்சுப் போட்டிக்காக மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போனேன். போட்டி அண்ணாமலை நகரில். நேரமாகிவிட்டதென்று குடியிருப்புகள் வழியாகக் குறுக்கே நடந்தோம். ஒரு வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் சிமெண்டுப் பாதை போட்டிருந்தார்கள். அதன் மேல் பெரிய சொட்டு ஒன்று, பக்கத்தில் சின்னச் சொட்டு ஒன்று. ஒரு ஜோடி இல்லை, பழசும் புதுசுமாக நாலைந்து ஜோடி. எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. குனிந்து கையை விரித்து அளந்தேன். சரியாக ஒரு சாண்.

"டீச்சர், எதனா வுழுந்துடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணும் வுழல. நட."

வீட்டுக் கொடியில் பச்சைப் புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. புதுப் புடவை. அன்று என் பெண்கள் என்ன பேசினார்கள், பரிசு வாங்கினார்களா இல்லையா, எதுவும் எனக்கு ஞாபகமில்லை. பச்சைப் புடவை மட்டும் ஞாபகமிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் நினைப்பது நிஜமென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு காடாம்புலியூர் போய்விடுவது, அதற்கப்புறம் இந்த வாசலை மிதிப்பதில்லை.

ஆனால் நேராகக் கேட்க மாட்டேன். கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "இன்னிக்கு அண்ணாமல நகர் போயிருந்தோம்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"எந்தப் பக்கம்?"

"குவார்ட்டர்ஸ் பக்கம்."

"ஓ" என்றார். மோர் கேட்டார். அவர் ரசத்துக்கே இன்னும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனர்களைச் சாக்கில் பரப்பி வைத்தார். "ஆயில் லீக்க இன்னிக்கு ஒரு வழி பண்ணிடுறேன். பாவம், நீயும் எத்தினி நாளைக்குத்தான் தேய்ப்ப" என்றார். இரண்டு வருஷமாக இல்லாத பாவம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது? சொட்டு விழுந்தால்தானே தடம் தெரியும், அதை அழிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

ஒழுகுகிற இடம் அவருக்குப் பிடிபடவில்லை. இன்ஜின் அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தது. ஒரு போல்ட்டை முடுக்குவார், துடைப்பார், மறுபடியும் எல்லா இடமும் நனைந்திருக்கும். அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. யார் ஒழுகினாலும் எங்கிருந்து என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மண்ணெண்ணெய் போட்டு சுத்தமாக் கழுவுங்க. காய வைங்க. நான் கோலப்பொடி கொண்டாறேன்."

கழுவிக் காய்ந்த இன்ஜின் மேல் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவினேன். இன்ஜின் வெள்ளையாகிவிட்டது. வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். இரண்டு பேரும் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தோம். முதலில், இடது பக்கத்து மூடி இன்ஜின் பாடியோடு சேருகிற விளிம்பில், அடிப்பக்கம் ஒரு கோடு கறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, அடியில் ஆயில் இறக்குகிற போல்ட்டைச் சுற்றி ஒரு வளையம் கறுத்தது. பெரிய சொட்டின் பிறப்பிடமும் சின்னச் சொட்டின் பிறப்பிடமும் தெரிந்துவிட்டன.

"உனக்கு நல்ல மூள" என்றார்.

"ஆமாம், கொஞ்சம் இருக்குது" என்றேன்.

ஒரு பழைய சட்டியில் ஆயிலை இறக்கிவிட்டு, போல்ட்டுக்கு அடியிலிருந்த செப்பு வாஷரைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் கரி அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடுமாம், மறுபடி படிந்து உட்காருமாம். காய்ச்சிக் கொடுத்தேன். பக்கத்து மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்த பழைய பேக்கிங், அதாவது மூடிக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கிற காகிதம், துண்டு துண்டாக உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

"கெட்டியா அட்டை எதனா இருந்தா குடு. நானே வெட்டிடுறேன். உன் ஸ்கூல் சார்ட் இருக்கும்ல?"

இருந்தது. பீரோ மேல் சுருட்டி வைத்திருந்தேன். ஆனால் அவர் கை இரண்டும் முழங்கை வரை ஆயில், மடியில் மூடி. அவருடைய ஆபீஸ் பை உள்ளே ஆணியில் தொங்கியது. இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு இன்னொரு தரம் வராது.

"சார்ட் தீந்துபோச்சு. உங்க பையில அட்டை கிட்டை இருக்குதான்னு பாக்குறேன்."

"அதுல ஒண்ணுமில்ல. அதத் தொடாத" என்றார். குரல் மாறிவிட்டது. நான் அதற்குள் உள்ளே போயிருந்தேன்.

கடிதம் இருக்கும், போட்டோ இருக்கும் என்று துழாவினேன். அடியில் ஒரு கட்டுரை நோட்டு இருந்தது. கெட்டி அட்டை போட்ட நோட்டு, மேலே லேபிள், லேபிளில் இங்கிலீஷில் அவர் பெயர். திறந்தேன். அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இங்கிலீஷ் கட்டுரைகள், அவற்றின் மேல் வேறு யாரோ சிவப்பு மையில் போட்ட திருத்தங்கள். என் எட்டாம் வகுப்புப் பெண்கள் எழுதுகிற அதே தப்புகள். கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில், வரப்போகும் செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டிய ரசீது. பி.ஏ., பகுதி ஒன்று, இங்கிலீஷ்.

அவர் பி.ஏ. இல்லை. சனிக்கிழமைகளில் அண்ணாமலை நகர் போனது ட்யூஷனுக்கு. பச்சைப் புடவைக்காரி யாரோ ட்யூஷன் வாத்தியாரின் மனைவியோ மகளோ. எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது, சிரிப்புகூட வந்தது. அது அடங்குவதற்குள் ஆத்திரம் வந்தது. என் அப்பாவை ஏமாற்றியிருக்கிறார். என்னை ஏமாற்றியிருக்கிறார். நோட்டின் முன்னட்டையை லேபிளோடு கிழித்தெடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன்.

"இது கெட்டியா இருக்கும். வெட்டுங்க."

அட்டையைப் பார்த்தார். பிறகு அதை மூடியின் மேல் வைத்து, சின்ன சுத்தியலால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். தட்டத் தட்ட அட்டை மூடியின் வடிவத்தில் அறுந்துகொண்டு வந்தது.

"படிச்சியா?"

"படிச்சேன். பத்துக்கு நாலு போட்டிருக்காரு. நானா இருந்தா மூணுதான்."

சுத்தியல் ஒரு தரம் நின்று, மறுபடி தட்டியது.

"உங்க அப்பா கேட்டப்ப ரிசல்ட்டு வரல. பாஸாயிடுவேன்னுதான் நெனச்சேன். பத்திரிகையிலயும் போட்டுட்டாங்க. அப்பறம் எப்பிடி சொல்றது? எழுதி பாஸ் பண்ணிட்டா சொன்னது நெசமாயிடும்னு எழுதிக்கிட்டே இருக்கேன்."

"இங்கிலீஷ் டீச்சர் வூட்லியே இருக்குறேன். அத வுட்டுட்டு அவ்ளோ தூரம் போயி எவருகிட்டயோ படிக்கிறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தலை நிமிரவில்லை. போல்ட் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார்.

"நீ நோட்டு திருத்துறத தெனம் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார்.

அவர் மூடியைத் தூக்கிப் பொருத்தினார், நான் பிடித்துக்கொண்டேன், குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட்டுகளை முடுக்கினார். ஆயில் ஊற்றினோம். மறுபடி துடைத்து, மறுபடி கோலப்பொடி தூவி, வண்டியைக் கிளப்பினோம். பத்து நிமிஷமும் பொடி வெள்ளையாகவே இருந்தது. லேபிள் எழுத்து மூடிக்கும் பாடிக்கும் நடுவில் போய்விட்டதால் வெளியே எதுவும் தெரியவில்லை.

காடாம்புலியூருக்கு நான் எதுவும் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் தயங்கிக்கொண்டு நின்றபோது, நான்தான் சிதம்பரத்துக்குப் போகச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு நோட்டு. ஒரு தப்பைக்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை.