திருப்பதிக்குப் போய்த் திரும்பிய அரிசி

ஆந்திராவின் தமிழ் எல்லையில், வரதய்யபாளையத்துப் பக்கம் எங்கள் ஊரில் நெல் விற்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. மிஷின் அறுத்த அன்றே, ஈரத்தோடு, வயல் ஓரத்திலேயே புரோக்கரின் லாரியில் ஏற்றிவிடுவது ஒரு கட்சி. காயவைத்து, அரசாங்கக் கொள்முதல் மையத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் காத்திருப்பது இன்னொன்று. மூன்றாவதாகவும் ஒரு கட்சி இருக்கிறது. அதற்குத் தலைவர், செயலாளர், கொடி பிடிக்கும் தொண்டர் எல்லாம் நான்தான். நெல்லை நெல்லாகவே விற்கக் கூடாது, அரைத்து அரிசியாக்கி, சோறு சாப்பிடுகிறவர் கையிலேயே நேராகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சியின் கொள்கை.

முதல் கட்சியின் தூண் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அவன் வயலும் என் வயலும் ஒரே வரப்பில் இருக்கின்றன. அவனுடையதில் பாதி குத்தகை நிலம். ஒரு வருஷம் அவனும் நெல்லைத் தார் ரோட்டில் காயப்போட்டான். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளைத்துவிட்டது. அந்த வருஷம் முழுக்கக் கம்பெனி வேலைக்குப் போய்த்தான் வீட்டை ஓட்டினான். அதன் பிறகு ஈர நெல்லோடு லாரி கிளம்பி, அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவனுக்குத் தண்ணீரே இறங்கும்.

அவனை என் கட்சிக்கு இழுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரே ஆள் இருக்கிற கட்சியில் தலைவராக இருப்பது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

எங்கள் பக்கத்தில் மறுத்துப் பேசுவதற்கும் ஒரு மரியாதை உண்டு. எதிராளி சொன்னதை முதலில் நியாயம் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மறுக்க வேண்டும். டீக்கடையில் அவன் தொடங்குவான்.

"நீ சொல்றது நாயந்தான் மாமா. ஆனா மானம் கருத்துக்கினு வரும்போது அரிசி மில்லைத் தேடிக்கினு ஓட முடியுமா?"

"நீ சொல்றதும் நாயந்தான் மச்சான். ஆனா லாரிக்காரன் சொல்றதுதான் வெலன்னா நாம எதுக்கு வெவசாயின்னு சொல்லிக்கினு திரியணும்?"

இப்படி ஒருவரையொருவர் நியாயவான் ஆக்கியபடியே பல அறுவடைகளைக் கடந்துவிட்டோம். இரண்டு பேரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

போன அறுவடையில் என் கொள்கையைச் செயலில் காட்டினேன். திருப்பதியில் ஓர் அபார்ட்மென்ட். அதன் சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார். வீட்டு டிரம்மிலிருந்து ஒரு பை அரிசியை அள்ளிப்போய் அவரிடம் மாதிரிக்குக் கொடுத்தேன். மறுநாளே போன் வந்தது. "அன்னம் சாலா பாகுந்தி!" என்றார். சோறு ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அபார்ட்மென்ட் முழுக்க வேண்டும் என்றார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு டீக்கடைக்கே கேட்கவைத்தேன். மச்சான் மட்டும், "நல்லதுதான் மாமா" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அறுத்த நெல்லைக் காயவைத்து, உடனே அரைத்து, லோடு ஆட்டோவில் மூட்டைகளை அடுக்கி, முன் சீட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து திருப்பதிக்குப் போனேன். இறக்கிவைத்துவிட்டு வந்த இரண்டாம் நாள் வாத்தியாரின் போன். இந்தத் தடவை குரலில் பாகு இல்லை. "இதி அன்னமா, ஜாவாவா?" ஜாவா என்றால் கஞ்சி.

ஓடினேன். வாத்தியாரின் மனைவி ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார். கரண்டியின் வடிவத்திலேயே அது நின்றது. பார்த்ததும் எனக்குப் பொங்கல் ஞாபகம் வந்தது.

புது அரிசி! எங்கள் ஊரில் பொங்கலுக்கு மட்டும்தான் புது அரிசி பொங்குவோம். குழையத்தானே வேண்டும் அது. மற்ற நாளெல்லாம் போன வருஷத்து நெல்லை அரைத்துத்தான் சோறு. எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். மாதிரிக்குக் கொடுத்தது வீட்டு டிரம்மில் இருந்த பழைய அரிசி. அனுப்பியதோ அறுத்த ஈரம் காய்ந்த கையோடு அரைத்தது. அதே வயல், அதே விதை என்று நம்பி, நானே வாயில் வைக்காத சோற்றை ஓர் அபார்ட்மென்ட்டுக்கே பரிமாறியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து நெல்லுக்குள்ளேயே கிடக்கிறவன் நான்.

அதே மூட்டைகள் லோடு ஆட்டோவில் ஊருக்குள் திரும்பி வந்தன. இந்தத் தடவை நான் பின்னால், மூட்டைகளோடு உட்கார்ந்துகொண்டேன். டீக்கடையைத் தாண்டும்போது செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்தேன். வீட்டு வாசலில் மச்சான் நின்றிருந்தான். தோள் கொடுத்து மூட்டைகளை இறக்கினான். திட்டுவான், சிரிப்பான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டுக் கொஞ்சம் மானத்தையாவது மீட்டிருப்பேன்.

கடைசி மூட்டையை இறக்கிய பிறகுதான் வாயைத் திறந்தான். "உன் பேச்சுல தப்பு இல்ல மாமா. அரிசிக்குத்தான் வயசு பத்தல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேர்வையைத் துடைப்பது போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இந்த அறுவடைக்கும் நாங்கள் டீக்கடையில் மரியாதையோடு மோதிக்கொண்டோம். இந்தத் தடவை நெல்லைக் காயவைத்து ஒரு வருஷம் பழசாக்கி, அப்புறம் அரைத்து விற்கப்போகிறேன் என்றேன். முடியாது, மழை விடாது, எலி விடாது, குத்தகை கட்டுகிறவனுக்குக் காத்திருக்க வழியில்லை என்றான் அவன். மிஷின் அறுத்த அன்றே அவனுடைய நெல் ஈரத்தோடு லாரி ஏறிப் போனது.

நான்கு நாள் கழித்து அவன் டிவிஎஸ்ஸில் இரண்டு மூட்டையோடு வந்தான். லாரியில் ஏற்றாமல் நிறுத்தி, வீட்டு மாடியில் காயவைத்த நெல்.

"இதையும் உன்னுதோட வை மாமா. பழசாவட்டும்" என்றான்.

"நீ லாரிக் கட்சியாச்சே?"

"இப்பவும் லாரிதான். இது ரெண்டும் உன்னை நம்பி."

அவன் போன பிறகு மரப்பலகை போட்டு, தரையிலும் சுவரிலும் படாமல் அந்த இரண்டு மூட்டைகளையும் கூடத்தின் நடுவில் வைத்தேன். என் மூட்டைகள் சுவரோரம் கிடக்கின்றன. என் கட்சியை ஊரே வேண்டாம் என்றபோது நான் நன்றாகத்தான் தூங்கினேன். இப்போது எங்கேயாவது எலி சுரண்டினால் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, முதலில் அவனுடைய மூட்டையைத்தான் தடவிப் பார்க்கிறேன்.