பொழுது சாய்வதற்குள் ஒரு ஆரஞ்சு மிட்டாய்

தன்யகுமார் சார் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு கும்பிடு படம் போட்டுக் கீழே அவர் பெயரை எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நேற்று சாயங்காலம்கூட, எந்த விதைக் கொல்லைக்கு முதலில் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்த மனுஷனை வைத்து விளையாடுகிறார்களா? போட்டவருக்கே ஃபோன் செய்து கத்தினேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அவரோடு விதைச்சான்று வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய காரைத் தெரியாமல் இருக்காது. கியர் பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. பேனா மூடி, சில்லறை, விதைப்பையில் கட்டும் அட்டை, என்னுடைய வீட்டுச் சாவி, எல்லாம் அதற்குள் போயிருக்கிறது. நான் தினமும் திட்டுவேன். பெட்டிக்கு மூடியாவது போடுங்கள் சார் என்று மன்றாடியிருக்கிறேன். அவர் சிரிப்பார். "செஞ்சிக் கோட்டையில இருந்து சுரங்கம் இருக்குதுன்னு சொல்றாங்களே, அது இங்கதான்யா வந்து முடியுது" என்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு இன்னும் எரியும்.

அவர் தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் வைக்க மாட்டார். கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்குப் போகும்போது இவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை வியாதி வந்த பிறகும் அதை விடவில்லை. சூரியனைக் கணக்கு வைத்து இன்சுலின் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவார். "டாக்டருக்கு மணி, எனக்குப் பொழுது" என்பார்.

அந்தக் கணக்கு ஒரே ஒருநாள் தப்பியது. மேல்மலையனூர் பக்கம் விதைக்கு வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரம். மதியம் நல்ல மழை. காரில் ஏறியதும் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம்கூட வரவில்லை, வண்டிப்பாதைச் சேற்றில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. நான் தள்ள, அவர் ஓட்ட, பிறகு அவரும் இறங்கித் தள்ள, சக்கரம் இன்னும் புதைந்ததுதான் மிச்சம். சுற்றிலும் கொல்லைதான். ஒரு ஈ காக்கை இல்லை.

திரும்ப வந்து சீட்டில் உட்கார்ந்தவருக்கு வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்து ஒழுகியது. கை நடுங்கியது. "முருகேசு, சுகர் இறங்குதுய்யா" என்றார். பெட்டியில் இருந்த சின்ன டப்பாவை எடுக்கக் கையை விட்டார். அதில்தான் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருந்தார். எடுத்தார், விரலில் நிற்கவில்லை. டப்பா பெட்டி விளிம்பில் பட்டுத் திறந்து, மிட்டாயெல்லாம் சந்துக்குள் போய்விட்டது.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வருகிறோம் என்றார்கள், வழி சொல்லவே எனக்கு நாக்குக் குழறியது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம் என்றால் இவரை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவது? சந்துக்குள் கையை விட்டேன். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தேன். கீழே மல்லாட்டை உரித்த தொல்லியும் சில்லறையும் அடைத்துக்கொண்டு அசையவில்லை. அவர் உட்கார்ந்திருக்கிற பாரம் வேறு. விரல் நுனியில் மிட்டாய்க் காகிதம் தட்டுப்படும், அடுத்த நொடி இன்னும் உள்ளே வழுக்கிப்போகும். "எத்தினி தடவ சொன்னேன், எத்தினி தடவ சொன்னேன்" என்று அவரைத் திட்டிக்கொண்டே துழாவினேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பொழுது பனைமரத் தலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "இருட்டிட்டா வேணாம் முருகேசு" என்றார், குடித்தவர்போல வாய் குழறி. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "உசுரு போவுது, இன்னா சார் விரதம்" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் டிக்கியில் குத்தூசி இருப்பது ஞாபகம் வந்தது. மூட்டையைக் குத்தி விதை எடுப்போமே, நடுவில் பள்ளமாக இருக்கும் கம்பி, அதுதான். பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு சந்துக்குள் அதை விட்டு இழுத்தேன். முதலில் ஒரு பேனா வந்தது. அப்புறம் நாணயம். அப்புறம் தூசும் மண்ணுமாக ஒரு மிட்டாய். காகிதத்தைப் பிய்த்து, குத்தூசியின் பிடியால் நசுக்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். வெளியே பார்த்தேன். பொழுது போய்விட்டிருந்தது.

"பொழுது இருக்குதா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இருக்குது சார். மரத்துக்கு மேலயே நிக்குது. வாயத் திறங்க."

ஒருதரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பொடியை நாக்கிலும் ஈறிலும் தடவினேன். இன்னும் ரெண்டு மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். மெல்லப் பேச்சுத் தெளிந்தது. ஆம்புலன்சு வந்து, டிராக்டர் வந்து, எல்லாம் ஆனது. மறுநாளே ஆபீசுக்கு வந்துவிட்டார். பொழுதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை வாட்டியது. என் மனைவி அவருக்கென்றே வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் பருப்புக் கடைந்து அனுப்புவாள். வருஷக்கணக்காக அதை விரும்பிச் சாப்பிட்டவர், திடீரென்று "வேணாம் முருகேசு" என்றார். மறுநாளும் வேணாம், அடுத்த நாளும் வேணாம். பக்கத்திலேதான் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பார். காரணம் சொல்ல மாட்டார். என் அப்பன் பாட்டன் எந்த வீட்டுக்குள்ளும் ஏற முடியாமல் வாசலிலேயே நின்று வாங்கித் தின்றவர்கள். எங்கள் வீட்டுச் சோறு வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் எனக்குள் எங்கே குத்தும் என்று அவருக்குத் தெரியாதா? இவரும் கடைசியில் இப்படித்தானா என்று நினைத்தேன். ஒரு மாசம் போய் ஒருநாள் அவராகவே டப்பாவை நீட்டி, "கடையல் இருக்குதாய்யா?" என்றார். போட்டேன். ஆனால் அந்த முள் உள்ளேயே இருந்தது.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். கூட்டம் ஓய்ந்ததும் அவர் மனைவி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தம்பி, உன்னைப் பத்திதான் அடிக்கடி பேசுவாரு. அன்னைக்கு இருட்டினப்புறம் மிட்டாய் தின்னுட்டாராமே. வந்ததுமே சொன்னாரு. அதுக்காக ஒரு மாசம் உப்பில்லாமத்தான் சாப்ட்டாரு" என்றார்.

உப்புப் போட்ட எங்கள் வீட்டுக் கடையலை வேண்டாம் என்றது இதற்குத்தானா. "பொழுது போனது சாருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாமயா? 'முருகேசு மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. பொய்யி சொல்லும்போது அழுதுக்கினு இருந்தான். நான் வாயத் திறக்கலைன்னா அவன் செத்துடுவான்'னாரு. உப்ப விட்டதை உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. உன்னாலதான்னு நெனச்சி வருத்தப்படுவியாம்."

நான் அழுதேன் என்பது எனக்கே தெரியாது. உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய சிரிப்பு ஒன்றோ சொல் ஒன்றோ இருக்கும். என்னிடம் இருப்பது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, தெரிந்தே வாயைத் திறந்தாரே, அது.