கங்கா செய்த காளான் பாறை

எங்கள் கங்காவின் மகள் நிலா பள்ளியில் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள், அம்மாவுக்கு ரோபோ லைனில் வேலை என்று. உண்மையில் கங்கா இருப்பது ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் கடைசி மூலையில், பிளாஸ்டிங் அறையில். கண்ணாடி சன்னல் வைத்த இரும்புப் பெட்டிக்குள் கையை விட்டு, குழாய்க் காற்றோடு குறுமணிகளை அடித்து, இரும்புப் பாகங்களின் துருவைச் சுரண்டும் வேலை. ஷிப்ட் முடிந்தால் புருவமெல்லாம் தூசி. பொய் தெரிந்தபோது கங்கா மகளைத் திட்டவில்லை. பேக்கிங்கில் இருக்கும் எனக்குத்தான் ஆத்திரம் வந்தது.

இந்த வருடக் குடும்ப தினத்துக்கு, மணிமங்கலத்திலிருந்து நிலாவின் வகுப்பே வருவதாக ஏற்பாடு. ஒவ்வொரு பிரிவும் பிள்ளைகளுக்கு எதையாவது செய்து காட்ட வேண்டும். "தூசி ரூம்ல இன்னா கீது காட்ட? விட்ரு அக்கா," என்றார் சூப்பர்வைசர் டில்லிபாபு. கங்கா விடவில்லை. மகள் நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டி, இது எங்கம்மா என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிலாவின் புத்தகத்தில் கங்கா ஒரு படம் பார்த்திருந்தாள். பாலைவனத்தில் காளான் போல நிற்கும் பாறை. மணல் காற்று செதுக்கியதாம். இது நம்ம வேலையாச்சே என்று தோன்றியிருக்கிறது.

ஒரு செங்கல்லைப் பெட்டிக்குள் நிறுத்தி அடித்துப் பார்த்தாள். காளான் வரவில்லை, தேய்ந்த சோப்புக்கட்டிதான் வந்தது. அடுத்ததும் அப்படியே. பதினோரு வருடமாக ஓரிடம் விடாமல் அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அன்று டீ டைமில் அந்தச் செங்கல்லையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திடீரென்று, "காத்துக்கு நம்மளாட்டம் கை கீதா? மணல எவ்ளோ ஒசரம் தூக்கும்?" என்றாள். உள்ளே போய், மேல்பாதியைத் தொடாமல் கீழே மட்டும் சுற்றிச் சுற்றி அடித்தாள்.

குடும்ப தினத்தன்று பிள்ளைகள் ரோபோக்களை மொய்த்தார்கள். கங்கா காத்திருந்தாள். சத்தம் கேட்டு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், பிறகு பத்துப் பேர், பிறகு வகுப்பே வந்துவிட்டது. நிலா மட்டும் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"காத்து மணல அள்ளிக்கினு ஓடும். மணல் கனம் இல்லியா, ரொம்ப ஒசரம் தூக்க முடியாது. தரைய ஒட்டியே போய்ப் பாறையோட அடியில மோதும். அடி தேஞ்சிக்கினே போவும், தலை அப்படியே நிக்கும். பாலைவனத்துல அதுக்கு ஆயிரக்கணக்கான வருசம் ஆவும். எனக்கு அஞ்சு நிமிசம்," என்றாள் கங்கா.

கண்ணாடிக்குள் செங்கல்லின் இடுப்பு கரைந்தது. ஒல்லிக் காலும் கனத்த தலையுமாக ஒரு குட்டிக் காளான் நின்றது. கைதட்டல் கேட்டு டில்லிபாபுவே ஓடி வந்தார்.

"உங்கம்மா ரோபோ லைன்னு சொன்ன?" என்று கேட்டாள் நிலாவின் பக்கத்தில் நின்ற சுவாதி. கங்காவைப் பள்ளி வாசலில் பார்த்திருக்கிறாள் போல.

நிலா நிமிர்ந்தாள். "பொய் சொன்னேன். இதான் எங்கம்மா. இதான் அவங்க வேலை." கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னொண்ணு செய்மா. பின்னாடி இருக்கறவங்க சரியா பாக்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கங்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அடுத்த செங்கல்லைப் பெட்டிக்குள் நிறுத்திக்கொண்டிருந்தாள்.