கற்பூரம் காட்டிய நிக்கல் தொட்டி

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் எனக்குத் தகராறுதான். மன்னிக்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிக்கல் முலாம் பட்டறையில் வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து கார்பன் குச்சிகள் வந்தன, நிக்கல் ஏற்றித் தரச் சொல்லி. இரும்பு என்றால் எனக்குப் பழக்கம். கார்பனில் கரண்டு விட்டால் நிக்கலோடு ஹைட்ரஜனும் கிளம்பி, குமிழ் குமிழாக ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. குமிழ் உட்கார்ந்த இடத்தில் நிக்கல் ஏறாது. முதல் இரண்டு முறையும் குச்சி அம்மைத் தழும்பு முகத்தோடுதான் வெளியே வந்தது.

மூன்றாம் முறை, ஒரு வெள்ளிக்கிழமை காலை, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, வேலை முடிந்து குளிக்க வைத்திருந்த ஷாம்பு பாக்கெட்டைத் தொட்டியில் பிழிந்தேன். குமிழ் வழுக்கிப் போகட்டும் என்றுதான். அவசரத்தில் கரண்டையும் கொஞ்சம் கூட்டினேன். நுரை பொங்கியது. ஹைட்ரஜன் முழுக்க அதற்குள் போய் அடைந்துகொண்டது.

வெள்ளிக்கிழமைகளில் முதலாளி ஒவ்வொரு தொட்டிக்கும் கற்பூரம் காட்டுவார். அது எனக்கு நினைவு வந்தபோது அவர் தட்டோடு என் தொட்டியருகே நின்றிருந்தார்.

டமார்!

யாருக்கும் காயமில்லை. முதலாளிக்கு மட்டும் ஒரு புருவம் பாதியாகிவிட்டது. அவர் நேராகப் பக்கத்துத் தொட்டிக்காரனைப் பிடித்தார்.

"டேய், வெள்ளிக்கெழமை அதுவுமா கருவாடு துன்னுட்டு வந்துகிறியா? அம்மா கோச்சிகினா பாரு!"

"மாங்காட்டு அம்மா மேல சத்தியமா இட்லி, மொதலாளி!"

"ஊது!"

ஊதினான்.

"கருவாடேதான்! நாளையிலேர்ந்து வராத."

"அது நேத்து துன்னது மொதலாளி! நேத்து வியாழக்கெழமை!"

அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டான். நான் காலி பாக்கெட்டை எடுத்து முதலாளியின் மூக்கருகே நீட்டினேன். முகர்ந்தார். சட்டையில் தெறித்திருந்த நுரையையும் முகர்ந்தார். இரண்டிலும் செம்பருத்தி வாசனை.

"உள்ள ஹைட்ரஜன். நான்தான்," என்றேன். அன்று முழுவதும் நான் பேசியது அவ்வளவுதான்.

"இன்னா அண்ணாத்தே," என்றான் வாசலில் நின்றவன், "நான் பஸ் ஏறனப்புறம் சொல்றதுதானே?"

முதலாளி குச்சியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை, பளபளவென்று இருந்தது. அதிலேயே தன் புருவத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பாட்டுத் தூக்க உள்ள வெச்சிட்டு வேலைய பாருடா," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

எழுதியது: புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை.