மைனஸ் இருபதில் ஒரு டார்ச்

குளிர்பதனக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் மெக்கானிக் அக்கா. பதினோரு வருடமாக அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஐந்து அறைகளில் கடைசியானதில் எப்போதும் மைனஸ் இருபது டிகிரி. அங்கே விசிறிகளுக்குப் பின்னால் குழாய்கள் ஓடும் இடுக்கில் விளக்கு வெளிச்சம் எட்டாது, டார்ச்தான் கதி.

அந்த டார்ச் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வாசலில் கண்ணைக் கூச வைக்கும். ஏணியில் ஏறி நின்றால் ஐந்தே நிமிடத்தில் மங்கிவிடும். மேனேஜர் இரண்டு தடவை டார்ச்சை மாற்றிக் கொடுத்தும் அதே கதைதான். ஒருநாள் வெளியே வந்து கையுறையைக் கழற்றும்போது, அணைக்க மறந்த டார்ச் மேஜைமேல் மெல்ல மெல்லப் பிரகாசமாவதைப் பார்த்தாள். பொறி தட்டியது. கோளாறு டார்ச்சில் இல்லை, குளிரில் சோர்ந்துபோகும் பேட்டரியில்.

அதோடு, ஸ்டோர் மூலையில் யாரும் தொடாமல் கிடந்த வேறு மாதிரி டார்ச்சுகள் இரண்டையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுடையதில் மூன்று ஆல்கலைன் பென்சில் பேட்டரி, இன்னொன்றில் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி மூன்று, மூன்றாவதில் கட்டைவிரல் தடிமனில் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றையும் எரியவிட்டு ஃப்ரீசரில் வைத்தாள்.

பட்டாணி எடுக்கப்போன மாமியார் திடுக்கிட்டார்.

“என்னம்மா, ஃப்ரீசருக்குள்ள யாருக்குக் கல்யாணம்? இவ்ளோ லைட்டு போட்டிருக்க!”

“எது நின்னு எரியுதுன்னு பாக்கணும் அத்தை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து சொல்றீங்களா?”

மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் தடவை திறந்தபோதே தீர்ப்பு வந்தது: “உன் ஆல்கலைன் சுத்த சோம்பேறி. அது படுத்துடுச்சு.”

நிக்கல் கொஞ்சம் அடங்கிய வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் தாங்கியது. லித்தியம் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று, அதற்கு மேலும் எரிந்தது.

“அப்புறமென்ன, எல்லாருக்கும் லித்தியமே வாங்கிடலாமே?” என்றார் மேனேஜர் மறுநாள்.

அவள் உடனே தலையாட்டவில்லை. டார்ச்சோடு உள்ளே போகும் மூட்டை தூக்குகிறவர்கள் மாற்று பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். சாவி இரண்டு முனையிலும் பட்டால் லித்தியம் தீப்பிடிக்கலாம். குளிரறையிலிருந்து எடுத்த கையோடு சார்ஜில் மாட்டுவார்கள். உறைந்த லித்தியத்தை அப்படிச் சார்ஜ் செய்தால் அது கெட்டுவிடும்.

“அவங்களுக்கு நிக்கல் போதும் சார். எனக்கு மட்டும் லித்தியம். டப்பாவுல வச்சு, குளிர் விட்டப்புறம்தான் சார்ஜ் போடுவேன்.”

“உனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணா? ஏதாவது சொல்வாங்களே.”

“சொல்லட்டும் சார். நான் வெளக்கிக்கிறேன்.”

புதிய பேட்டரியோடு முதல் தடவை ஏணி ஏறினாள். வெளிச்சம் அசையாமல் நின்றது. விசிறிக்குப் பின்னால், குழாய் இணைப்பு ஒன்றில் கருப்பாக எண்ணெய்க் கசிவு. எண்ணெய் கசிந்தால் அறையைக் குளிர வைக்கும் வாயுவும் கசிகிறது என்று அர்த்தம். நேற்று வந்ததல்ல, விளிம்பில் தூசி படிந்து இறுகியிருந்தது. மங்கல் வெளிச்சத்தில் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று மாதமாகச் சோதனைப் பதிவேட்டில் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இறங்கி நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், பாத்தேன்னு எழுதினேன். ஆனா சரியாத் தெரியலை. தெரியலைன்னு எழுதியிருக்கணும்.”

அவர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “இப்ப எழுதிக் குடு. மெஷினை நிறுத்திடலாம்” என்றார்.

மதியத்துக்குள் இணைப்பை மாற்றி முடித்தாள். மற்ற நான்கு அறைகளையும் அந்த வாரமே முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.